தொழில்முறைப் பரிவு

தனித்தொழில் வரி ஆணையம் என்னைச் சுலோச்சனா மேடத்தின் உறவினர் என்று அறிவித்தபோது, நான் அவருடைய கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தேன்.

கைப்பட்டை இரண்டு முறை அதிர்ந்தது. வரி அறிவிப்பு என்றால்தான் இரண்டு முறை அதிரும். வலது சுண்டுவிரல் மட்டும் பாக்கி இருந்தது. அதையும் வெட்டி, ஓரத்தை அரத்தால் தேய்த்து, பாதங்களைத் துண்டால் துடைத்துவிட்டு ஜன்னலருகே போய்ப் படித்தேன்.

‘தனித்தொழில் பராமரிப்பாளர் இந்துஜா ஆகிய தாங்கள், பயனாளி சுலோச்சனா (வயது 78) மீது தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் அறுபதுக்கு மேற்பட்ட அன்பளவு கொண்டிருப்பது தாங்களே தாக்கல் செய்த படிவங்களிலிருந்து தெரியவருகிறது. எனவே தங்களுக்கும் பயனாளிக்கும் இடையே இருப்பது ஒப்பந்தம் அல்ல, உறவு என்று முடிவு செய்யப்படுகிறது. வரும் ஏப்ரல் முதல் நாளிலிருந்து பயனாளியின் பராமரிப்புப் பொறுப்பும் செலவும் தங்களைச் சேரும்.’

மூன்றாவது முறை படிக்கும்போதுதான் ‘செலவும்’ என்ற சொல் கண்ணில் பட்டது. காதுக்குள் ஏதோ அடைத்துக்கொண்டது போலிருந்தது. தெருவில் போன குப்பை வண்டியின் மணி எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்டது.

“என்ன அது?” மேடம் கேட்டார்.

“ஒண்ணுமில்லீங்க மேடம். விளம்பரம்.”

“விளம்பரத்தப் படிக்க எதுக்கு ஜன்னலுக்குப் போனே?”

அவர் முப்பத்தொரு வருடம் வணிக வரி அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். ஈரோட்டில் அவருக்குப் பயப்படாத ஜவுளி வியாபாரி கிடையாது என்று சொல்வார்கள். முதல் நாளே என்னிடம், “அம்மா கிம்மான்னு கூப்புடாதே. மேடம்னு சொல்லு. எனக்கும் உனக்கும் ஒப்பந்தம்,” என்றவர். நடுக்குவாதம் வந்து ஏழு வருடம். கைகள் நடுங்கும். குரல் கீழிறங்கிவிட்டது. முகத் தசைகள் இறுகி, சிரித்தாலும் கோபித்தாலும் ஒரே முகம். அந்த முகம் இப்போது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

“கரண்ட் பில்லுங்க மேடம்,” என்றேன். ஒரு பொய்யை இன்னொரு பொய்யால் மூடுகிறவர்களை அவர் எத்தனை பேரைப் பார்த்திருப்பார். காலை இழுத்துக்கொண்டார்.

ஆடிட்டர் கஃபூரின் அலுவலகம் ஜவுளிச் சந்தைக்குப் பின்னால் ஒரு கிடங்கின் மாடியில் இருக்கிறது. எங்களைப் போன்ற தனித்தொழில்காரர்கள்தான் அவரிடம் வருவார்கள். பராமரிப்பாளர்கள், ஓட்டுநர்கள், வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பவர்கள். எங்களுக்கு முதலாளி கிடையாது. சம்பளச் சீட்டு கிடையாது. வருடத்துக்கு நான்கு தவணை முன்வரியை நாங்களே கணித்து நாங்களே கட்ட வேண்டும். மனக்கணக்கில் தகராறு வந்தால் கஃபூர்.

அறிவிப்பைப் படித்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

“எம்மேலயும் தப்பு இருக்குதுங்க,” என்றார். “விலக்குக் கேளுங்கன்னு சொன்னது நாந்தான். ஆனா ரெண்டு வருஷத்துக்குத்தானுங்க கேக்கச் சொன்னேன்.”

“மூணாவது வருஷத்துக்கும் சேத்துக் கேட்டா ஸ்கூட்டருக்கு ஆகும்னு நானாப் போட்டனுங்க.”

“அங்கதான் மாட்டிக்கிட்டீங்க. ரெண்டோட நிறுத்தியிருந்தா உங்களைத் தொட்டிருக்க மாட்டாங்க.”

அன்பு விலக்கு நாங்கள் கேட்டு வாங்கியதுதான். ஒருவர் மீதுள்ள பாசத்தால் செய்வது வேலை அல்ல, வேலை அல்லாததற்கு வரி எதற்கு என்று எங்கள் சங்கம் ஊர்வலம் போனது. நானும் கொடி பிடித்தேன். கேட்டது கிடைத்த அன்று லட்டு கொடுத்தார்கள். தனித்தொழில் செய்கிற எல்லோர் கையிலும் வேலை நேரம் எண்ணுவதற்காக ஏற்கெனவே பட்டை இருந்தது. அதில் நாடித் துடிப்பு, வியர்வை, ரத்தத்தில் ஊறும் ஏதேதோ சுரப்பு எல்லாம் பார்த்து, யாரிடம் நீ எப்படி இருக்கிறாய் என்று நூற்றுக்கு இத்தனை என ஒரு எண் போட ஆரம்பித்தார்கள். எண் முப்பது என்றால் அந்த வீட்டு வருமானத்தில் நூற்றுக்கு முப்பதுக்கு வரி இல்லை. அவ்வளவு எளிமையான கணக்கு.

மேடத்தின் பெயருக்கு நேரே என் எண் அறுபத்திரண்டு என்று கஃபூர் முதன்முதலாகக் காட்டியபோது நான் சிரித்தேன். மெஷின் கோளாறு என்றேன். இதற்கு முன் பார்த்த நான்கு நோயாளிகளின் சாவுக்குப் போய் நின்றிருக்கிறேன். மறுநாள் காலை வேறு வீட்டில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். ஒட்டாமல் இருப்பதுதான் என் தொழில் என்று நினைத்திருந்தேன். என்னைப் பற்றி எனக்கிருந்த ஒரே பெருமை அது.

“இப்ப என்னங்க ஆகும்?” என்றேன்.

“ஏப்ரல்ல இருந்து அவங்ககிட்ட நீங்க கூலி வாங்க முடியாது. உறவுக்காரங்க கூலி வாங்கக் கூடாது. அவங்களுக்குப் பென்ஷன் வந்தாலும் மருந்து, தெரபி, வாடகைப் படுக்கை எல்லாம் உங்க செலவு. எவ்வளவு வருதுங்க?”

“மாசம் நாப்பத்தோராயிரம்.”

“உங்க மொத்த வருமானம்?”

“மூணு வீடும் சேத்து நாப்பத்தேழு. அதுல மேடம் வீட்டுது இருபத்தாறு.” சொல்லும்போதே கழித்துப் பார்த்து நிறுத்தினேன். “அவங்களுக்கு மகன் இருக்காருங்களே. ஹரிபாலன்.”

“மகன்தானுங்க. பொறுப்பாளி இல்லை. அவரும் நூல் கமிஷன் வியாபாரம். கையில பட்டை இருக்குது. மூணு வருஷமா அம்மா மேல ஒன்பது. இருபதுக்குக் கீழ இருந்தா பட்டியல்ல இருந்து தானா எறங்கிடும். அதுவும் நல்லதுக்குக் கொண்டு வந்த சட்டந்தானுங்க. அடிச்சு வெரட்டின அப்பனுக்குப் புள்ள சோறு போடணும்னு கட்டாயம் இருக்கக் கூடாதுன்னு.”

“அவரு நல்லவருங்க. ஞாயித்துக்கெழமை தவறாம வருவாரு. மாதுளை வாங்கிட்டு வருவாரு.”

“மாதுளைக்கெல்லாம் எண் கெடையாதுங்க,” என்றார் கஃபூர். சொல்லிவிட்டு அவருக்கே அது பிடிக்காதது போல ஜன்னல் பக்கம் பார்த்தார்.

ஹரிபாலனுக்கும் அதே நாளில் அறிவிப்பு போயிருந்தது. ‘தங்கள் தாயாரின் பராமரிப்புப் பொறுப்பிலிருந்து தாங்கள் விடுவிக்கப்படுகிறீர்கள்.’ வியாழக்கிழமை காலையே வந்துவிட்டார். ஐம்பது வயது மனிதர், செருப்பைக் கழற்றாமல் சமையலறை வரை வந்து நின்றார்.

“நான் எழுதிக் குடுக்கலைங்க இந்துஜா. சத்தியமா எதுவும் எழுதிக் குடுக்கலை.”

“தெரியுமுங்க.”

“வருஷம் முழுக்க இருபதுக்கு மேல ஏத்திக் காட்டினா திரும்பச் சேத்துக்குவாங்களாமா. நான் ஏத்திடறேன். எங்கம்மா தானே.”

அன்றிலிருந்து தினமும் வந்தார். அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டினார். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பட்டையைத் திருப்பிப் பார்த்தார். மேடத்துக்கு விஷயம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. “உனக்கு வியாபாரம் படுத்துருச்சா?” என்று கேட்டார். இல்லையென்று மகன் தலையாட்டினார்.

இரண்டாவது வாரம் ஒரு பிற்பகல், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் பின்னால் வந்து நின்றார்.

“ஏழாயிருச்சுங்க,” என்றார். “ஒன்பது இருந்தது. ஏழாயிருச்சு.”

நான் குழாயை மூடினேன்.

“எனக்கு அம்மாவப் பிடிக்கும்ங்க. பிடிக்கும்னுதான் இத்தனை நாள் நெனச்சுட்டு இருந்தேன். அஞ்சாங் கிளாஸ்ல ஹாஸ்டல்ல விட்டாங்க. செக்போஸ்ட்டு ட்யூட்டி, வேற வழியில்லை, நான் கோவிச்சுக்கவே இல்லை. ஏழுங்கறது என்னங்க? எங்க வண்டி மெக்கானிக்குக்குப் பன்னெண்டு காட்டுது.”

அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவருக்குச் சேர வேண்டியதை நான் எடுத்து வைத்திருப்பது போல. “பணம் நான் குடுத்துட்டே இருப்பேன். அதுக்கெல்லாம் கவலைப்படாதீங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரம் படுக்கை வாடகைக்காரர் இரண்டு முறை என்னைக் கூப்பிட்டு, ஹரிபாலன் கட்டாத பாக்கியைக் கேட்டார்.

கஃபூர் சொன்ன வழி ஒன்றுதான். உறுதிமொழிப் படிவம். ‘பயனாளியிடம் நான் காட்டியது பாசம் அல்ல. தொழில்முறைப் பரிவு மட்டுமே.’ எங்கள் வேலைக்கு வேண்டிய திறமையாகக் கனிவை வரவழைத்துக்கொண்டேன், அதைப் பட்டை அன்பென்று தவறாக எடுத்துக்கொண்டது என்று நான் ஒத்துக்கொள்ள வேண்டும். திருப்பி வாங்கிய வரியை அபராதத்தோடு கட்ட வேண்டும். பிறகு தொண்ணூறு நாள் சோதனை. கடைசியில் என் எண் இருபத்தைந்துக்குக் கீழே நிற்க வேண்டும். நின்றால் என் மீதான உத்தரவும் மகனின் விடுவிப்பும் சேர்ந்தே ரத்து, பொறுப்பு மகனுக்கே திரும்பும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பயனாளி அதைப் படித்து எதிர்க் கையெழுத்துப் போட வேண்டும்.

இரண்டு நாள் அந்தத் தாளைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். மூன்றாம் நாள் காலை மேடத்தைக் குளிப்பாட்டித் துணி மாற்றி நாற்காலியில் உட்கார வைத்ததும், “பையில என்ன வெச்சிருக்கே?” என்றார். “ரெண்டு நாளா அதை எறக்கி வெக்காமச் சுத்தறே.”

கொடுத்தேன். உருப்பெருக்கிக் கண்ணாடியை நான் பிடிக்க, நடுங்கும் விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் படித்தார். முதலில் உத்தரவு. பிறகு உறுதிமொழி. அரை மணி நேரம் ஆகியிருக்கும். என் தொடையில் வியர்வை இறங்குவது தெரிந்தது. முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள அவரிடம் எதுவும் இல்லை.

“அறுபத்திரண்டா?” என்றார்.

“மெஷின் எப்படி எடுக்குதுன்னு தெரியலீங்க மேடம்.”

“சட்டப் பிரிவு சரியாத்தான் போட்டிருக்கான். மேல்முறையீட்டுக்குப் போனா நிக்காது.” கண்ணாடியைத் தள்ளினார். “‘தொழில்முறைப் பரிவு.’ இந்த வார்த்தையக் கண்டுபிடிச்சவன் எனக்குக் கீழ வேலை பார்த்திருப்பான். பேனா குடு.”

“ஹரி சார் பணம் குடுக்கறேன்னு சொல்றாருங்க.”

“கடமை இல்லாத பணம் எத்தனை மாசம் வரும்னு எனக்குத் தெரியும். பேனா குடு இந்து.”

நான் முதலில் கையெழுத்துப் போட வேண்டும். ‘பாசம் அல்ல’ என்ற இடத்துக்கு நேரே என் பெயரை எழுதும்போது அவர் பார்த்துக்கொண்டிருந்தார். என் வாழ்க்கையில் யாரையும் நான் இப்படி எழுத்தில் மறுத்ததில்லை. கட்டிய ஆறு வருடத்தில் விட்டுப் போன கணவனைக்கூட. அதன்பின் அவருடைய மணிக்கட்டை நான் தாங்கிப் பிடித்தேன். நடுக்கத்தில் கோணிக் கோணி அவர் கையெழுத்து விழுந்தது. பதவியின் பெயரையும் பழக்கத்தில் எழுதி, பிறகு அடித்தார்.

“ஆச்சு,” என்றார். “இனி தொண்ணூறு நாள்ல நீ என்னை வெறுக்கணும். அதுக்கு வழி பண்ணணும்.”

மறுநாளே ஆரம்பித்தார். கஞ்சியைத் துப்பினார். நான்கு முறை படுக்கை விரிப்பை மாற்ற வைத்தார். தோட்டைக் காணோம் என்று ஹரிபாலனுக்குத் தொலைபேசியில் சொன்னார். தோடு அவர் காதிலேயே இருந்தது. “உம் புருஷன் எதுக்கு ஓடினான்னு இப்பத்தான் தெரியுது,” என்று ஒரு நாள் நான் முதுகு தேய்த்துக்கொண்டிருக்கும்போது சொன்னார். சொன்ன விதம் தட்டையாக, அறிக்கை வாசிப்பது போலிருந்தது. நான் முகத்தைத் திருப்பி வாளியிலிருந்து தண்ணீர் மொண்டேன்.

வலிக்கத்தான் செய்தது. ஆனால் வலிக்கிற ஒவ்வொரு தடவையும், இது எனக்காக என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அந்தக் குரலை நிறுத்த முடியவில்லை. இரவெல்லாம் யோசித்து, எனக்கு எது சுடும் என்று தேடித் தேடி அவர் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டே விரிப்பை மாற்றினேன். முப்பதாம் நாள் என் எண் அறுபத்தெட்டு.

“ஏறுதுங்க,” என்றார் கஃபூர் தொலைபேசியில். “என்னங்க பண்றீங்க அங்க?”

“அவங்க என்னைத் திட்டறாங்க.”

“திட்டினா ஏறுதா? இதென்ன கூத்துங்க.”

நானும் முயன்றேன். அவருடைய நாற்றத்தை மட்டும் நினைத்துக்கொண்டு குளிப்பாட்டினேன். வேலை நேரத்தை மணியில் பார்த்துப் பார்த்து முடித்தேன். பேசாமல் இருந்தேன். வெறுப்பு என்பது வரவழைத்தால் வருகிற பொருள் என்று நினைத்திருந்தேன். கனிவை அப்படி வரவழைத்ததாகத்தானே எழுதிக் கொடுத்திருந்தேன். எழுபதாம் நாள் ஐம்பத்தெட்டு. இரண்டாவது வீட்டில் விடுப்புச் சொல்லிவிட்டு நகைக்கடன் எவ்வளவு கிடைக்கும் என்று விசாரித்து வந்தேன். ஒரு சங்கிலி, ஒரு ஜோடி வளையல். இரண்டு மாதத்துக்குக் காணும். அப்புறம் வாடகை வீடு போகும். கட்டத் தவறிய உறவினர்களைப் பிணையில் வர முடியாத பிரிவில் பிடிக்கிறார்கள் என்று சங்கத்தில் சொன்னார்கள்.

எழுபத்து நான்காம் நாள், மதியம் மாத்திரை கொடுத்துவிட்டுத் திரும்பியபோது மேடம் கூப்பிட்டார்.

“உக்காரு.”

உட்கார்ந்தேன்.

“நான் நடிக்கறேன்னுதானே நெனச்சுட்டு இருக்கே?”

கையிலிருந்த மாத்திரை டப்பாவை மூடினேன்.

“அதான் எறங்க மாட்டேங்குது. எனக்கும் பட்டை இருக்குது. பயனாளிக்கும் கட்டியிருக்கான். அதுல என்ன காட்டுதுன்னு நீ ஒரு நாளாவது பார்த்திருக்கியா?”

பார்த்ததில்லை. பார்க்க எனக்கு உரிமையும் இல்லை. அவர் விரல் வைத்தால்தான் திறக்கும். நடுங்கும் விரலை என் கையில் கொடுத்து அழுத்தச் சொன்னார். திறந்தது.

இந்துஜா, பராமரிப்பாளர். நான்கு.

கீழே மூன்று வருடத்துக்கான கோடு இருந்தது. தரையோடு தரையாக, ஒரு இடத்திலும் எழும்பாமல். நான்கு, ஐந்து, நான்கு, நான்கு. என் பிறந்த நாளுக்கு ஹரிபாலனிடம் சொல்லிப் புடவை வாங்கி வைத்திருந்தாரே, அந்தத் தேதியைத் தேடினேன். நான்கு. எனக்குக் காய்ச்சல் வந்தபோது வராதே, கூலி பிடிக்க மாட்டேன் என்று நாலு தடவை கூப்பிட்டுச் சொன்ன வாரம். ஐந்து.

“நான் முப்பத்தொரு வருஷம் ஆளுங்ககிட்ட வேலை வாங்கினவ,” என்றார் மேடம். “நல்லபடியாப் பேசினா நல்லபடியா வேலை செய்வாங்க. அவ்வளவுதான். புடவையெல்லாம் போனஸ் கணக்கு. நீதான் என்னமோ நெனச்சுட்டே.”

நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“படிச்சுட்டியா?”

“படிச்சுட்டனுங்க.”

“போய் வேலையப் பாரு.”

சமையலறையில் அரிசி ஊறிக்கொண்டிருந்தது. அதைக் களைய ஆரம்பித்தேன். தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்துகொண்டே இருந்தேன். மூன்று வருடமாக இந்த வீட்டில் எனக்குள் நான் வைத்திருந்த ஏதோ ஒன்று, அதற்கு எதிர்ப்பக்கத்தில் யாருமே இருந்ததில்லை. பூட்டிய வீட்டுக் கதவைத் தினமும் தட்டிவிட்டு உள்ளே ஆள் இருப்பதாகப் பேசிவிட்டு வந்திருக்கிறேன். அவமானமாக இருந்தது. கையிலிருந்த பட்டையைத் திருப்பவேயில்லை. ஆனால் ஈரத்தில் அதுவாக ஒளிர்ந்தபோது பார்த்துவிட்டேன். முப்பத்தொன்பது. குக்கர் விசில் அடிக்கையில் இருபத்தெட்டு. மாலை செருப்பு மாட்டும்போது பத்தொன்பது.

தொண்ணூறாம் நாள் பதினொன்று. உத்தரவு ரத்தானது. ஸ்கூட்டரை விற்று வரியையும் அபராதத்தையும் கட்டினேன். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து வர வேண்டாம் என்று மேடமே சொல்லிவிட்டார். “பழைய ஆளு இருந்தா திரும்ப நோட்டீஸ் வரும்,” என்றார். கடைசி நாள் துணிகளை மடித்து வைத்துவிட்டு, “வர்றனுங்க மேடம்,” என்றேன். அவர் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு சரியென்றார்.

ஐந்து மாதம் கழித்துச் சூரம்பட்டியில் புது வீடு கிடைத்தது. ஓய்வு பெற்ற வங்கி மேலாளர், அறுபத்தொன்பது வயது, நடுக்குவாதம். ஒப்பந்தம் போட்ட அன்று அவருக்குப் பட்டை கட்ட ஆணையத்திலிருந்து ஒரு பெண் வந்தார். முப்பது வயதிருக்கும், வேகமாகப் பேசுகிறவர். கட்டி முடித்துவிட்டு ஒரு தாளை நீட்டினார்.

“இதுல ஐயா ஒரு கையெழுத்துப் போடணுங்க. அவருக்கு எடுக்கிற அளவு செல்லாதுன்னு.”

“ஏனுங்க செல்லாது?” என்றேன்.

“இந்த நோய்க்காரங்களுக்கு எடுக்காதுங்க. நாடி, வியர்வை எதுவும் மனசுக்குத் தகுந்த மாதிரி ஏறி எறங்காது. நரம்பு அப்படி ஆயிருது. முகம் எப்படி அசையாம இருக்குது, அதே மாதிரிதான் உள்ளயும். நாலு, அஞ்சுன்னு கோடு போட்ட மாதிரி போகும்.” அவர் சிரித்தார். “சுவத்துல கட்டி விட்டாலும் அதையேதான் காட்டும். சட்டப்படி கட்டணும், அதனால கட்டறோம்.”

“எல்லாருக்குமேங்களா?”

“எல்லாருக்குமே. கட்டறன்னிக்கே படிச்சுக் காட்டிக் கையெழுத்து வாங்கிருவோம். அவங்களுக்குத் தெரியாம இருக்காதுங்க.”

மேலாளரின் கையைத் தாங்கிப் பிடித்தேன். கோணிக் கோணிக் கையெழுத்து விழுந்தது.

அந்தப் பெண் சொன்னதை நான் உடனே புரிந்துகொண்டேன். செல்லாத தாளைச் செல்லும் ஆவணம் போல நீட்டுவது எப்படி என்று, அப்படிப்பட்டவற்றை முப்பத்தொரு வருடம் பிடித்த மேடத்துக்குத் தெரியாதா. திட்டு எடுபடவில்லை என்றதும் வேறு சான்றைத் தேடியிருக்கிறார். ஆனால் என்னை உறைய வைத்தது அவர் செய்தது அல்ல. மூன்று வருடம் அவருடைய முதுகைத் தேய்த்தேன். மாத்திரைக்கு முன் கசக்குமா என்று என் முகத்தைப் பார்ப்பார். வலித்தால் என் புடவை முனையைப் பிடிப்பார். நான் வர ஐந்து நிமிடம் தாமதமானால் இரவு ஆளிடம் சொல்லி நாற்காலியை வாசல் பக்கம் திருப்பி வைத்திருப்பார். அதையெல்லாம் வைத்துக்கொண்டு, ஒரு எண்ணைக் காட்டியதும் ஒரு நிமிடத்தில் எண்ணை நம்பினேன். அந்த நம்பிக்கைக்கு எனக்குள் இவ்வளவு இடம் இருந்திருக்கிறது.

பட்டையைத் திருப்பி மேடத்தின் பெயரைத் தேடினேன். பதினொன்று. உண்மை தெரிந்துவிட்டது, இனி ஏறும் என்று காத்திருந்தேன். மேலாளருக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் பார்த்தேன். பேருந்தில் பார்த்தேன். பதினொன்று.

ஞாயிற்றுக்கிழமை மேடம் வீட்டுக்குப் போனேன். புதுப் பராமரிப்பாளர் கதவைத் திறந்தார். ஹரிபாலன் மாதுளை உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, தட்டோடு உள்ளே போனார். மேடம் படுக்கையில் இளைத்துச் சிறுத்திருந்தார். குரல் காற்றாகிவிட்டது. குனிந்து காதைக் கொடுக்க வேண்டியிருந்தது.

“எதுக்கு வந்தே?”

“சும்மாதானுங்க மேடம்.”

“எவ்வளவு காட்டுது?”

“பதினொண்ணுங்க.”

“காட்டு.”

காட்டினேன். நான் மறைக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். நெடுநேரம் அந்த எண்ணைப் படித்தார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். விட்டுவிட்டு மீண்டும் பிடித்தேன். நடுங்கும் அந்த விரல்கள் ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். உள்ளே எங்காவது ஏதாவது அசைகிறதா என்று, இருட்டு அறையில் சாவி தேடுகிறவளைப் போலத் தேடினேன். கையில் எதுவும் தட்டுப்படவில்லை. அவர் மேல் எனக்கு வெறுப்பு வரட்டும் என்றுதான் கேட்டேன். கிடைத்தது அது இல்லை.

“சரியா இருக்குது,” என்றார் மேடம்.

அவருடைய இடது கண்ணிலிருந்து நீர் இறங்கிக் காதுப் பக்கம் ஓடியது. இந்த நோயில் இமை சரியாக மூடாது. கண் வறண்டு நீர் வழிவது சாதாரணம். நாளைக்கு எட்டுத் தடவை துடைத்திருக்கிறேன். புதுப் பராமரிப்பாளர் பார்க்கவில்லை. புடவை முனையால் துடைத்துவிட்டேன். இன்னொரு முறை வழிந்தது. இன்னொரு முறை துடைத்தேன். வெயில் ஜன்னலை விட்டு இறங்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

மார்ச்சில் படிவம் நிரப்பும்போது கஃபூர் கேட்டார், “செப்டம்பர்ல ஒரு ஞாயித்துக்கெழமை, ரெண்டு மணி நேரம் சுலோச்சனா மேடம் வீட்டுல பதிவாயிருக்குதுங்க. கூலி வாங்கினீங்களா?”

“இல்லீங்க.”

“அப்ப பாசத்துல போட்டுரலாமா?”

“பதினொண்ணுதானுங்க.”

அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். “கூலி, பாசம்னு ரெண்டு கட்டந்தானுங்க இருக்குது. வேற கட்டம் இல்லை,” என்றார். “அங்க போய் என்னங்க பண்ணினீங்க?”

“கண்ணத் தொடச்சு விட்டேன்,” என்றேன்.